சோற்றுக்குள் போட்ட எல்லை

சண்டிலிப்பாய்,
வைகாசி 14, புதன்கிழமை.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய வாகீசன் அண்ணைக்கு,

தம்பி பஞ்சலிங்கம் எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் ரொறன்ரோவில் சுகமாக இருப்பீர்கள் என்றும், பனி விட்டிருக்கும் என்றும், உங்களுடைய பிறசர் இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். இறங்கியிராவிட்டால் குளிசையைப் போட்டுவிட்டு மேலே வாசிக்கவும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து எனக்கு நெஞ்சிடி நிற்கவில்லை. போனில் சொன்னால் நீங்கள் இடையில் விழுந்து ஏசுவீர்கள், நான் சொல்ல வந்ததை மறந்துபோவேன். அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆரணிக்கு நீங்கள் அங்கே பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைக்கு நான் ஓம் என்று வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அதில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி வரைக்கும். ஆனால் பிள்ளை, தன்னோடு கச்சேரிக் கந்தோரில் வேலை செய்கிற கோகுலன் என்ற கொடிகாமத்துப் பெடியனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. இரண்டு மாதமாக என்னோடு கதைப்பதை மட்டும் விட்டிருந்தாள். சரி, பெடியனின் தாய் தகப்பனை ஒருக்கால் சந்தித்து, முகம் முறியாமல் இல்லையென்று சொல்லிவிட்டு வருவோம் என்று தாய்க்காரி பூரணத்திடம் சொன்னேன். எங்கே சந்திப்பது? அவர்கள் வீட்டுக்குப் போனால் ஒரு தேத்தண்ணியாவது நீட்டுவார்கள். குடித்தால் சம்மதம், குடிக்காவிட்டால் பகை. எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அதே சில்லெடுப்பு. சம்பந்தக் கலப்பு நடக்கும்வரை ஒரு வீட்டார் மற்ற வீட்டில் கை நனைக்கிறதில்லை என்ற ஒழுங்கை நீங்களும் விட்டதில்லை, நானும் விட்டதில்லை. கடைச் சாப்பாடு அதற்குள் வராது. அவரவர் சாப்பாட்டுக் கோப்பையில் அவரவர் சாப்பிட்டுவிட்டு அவரவர் வழியில் போகலாம். இடத்தைப் பார்க்கச் சொல்லி ஆரணியிடம் விட்டேன். அண்ணை, அதுதான் நான் விட்ட முதற் பிழை.

அவள் கூட்டிக்கொண்டு போனது யாழ்ப்பாண டவுனில் புதிதாகத் திறந்திருக்கிற யேமன் சாப்பாட்டுக் கடைக்கு. யேமன் எங்கே இருக்கிறது என்று ஓட்டோவில் போகும்போது பூரணத்தைக் கேட்டேன். பூரணம் ஆரணியைக் கேட்டு, சவூதிக்குக் கீழேயாம் என்றாள். அப்போதே ஓட்டோவைத் திருப்பியிருக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். செருப்புக் கழற்றுகிற இடமென்றால் மரியாதையான இடமாக்கும் என்று நானும் கழற்றினேன். உள்ளே மேசை இல்லை, கதிரை இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் திரைச்சீலை மறைத்த ஒரு சின்ன அறை, நிலத்தில் கம்பளம், சுற்றிவரத் தலையணை. ஒப்பிரேசன் செய்த முழங்காலோடு நான் நிலத்தில் இருக்கப் பட்ட பாட்டை எழுத முடியாது. கடைசியில் அந்தக் கோகுலன்தான் கமக்கட்டுக்குள் கை கொடுத்து இறக்கினான். இல்லையென்று சொல்ல வந்த மனிதன், வந்தவுடனேயே அந்தப் பெடியனின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிரே பெடியனின் தகப்பன் சபாநாதன், கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரம். பக்கத்தில் தாய் தயாளினி. மனிதன் என்னைப் போலவே வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவரும் இல்லையென்று சொல்லத்தான் வந்திருக்கிறார், மகனுக்குச் சுவிஸில் ஒரு பொம்பிளை பேசி வைத்திருக்கிறாராம். அந்த நேரம் நீளமான வெள்ளை அங்கியும் தலையில் சால்வைக் கட்டுமாக ஒருவர் வந்தார். யேமன்காரர் என்று நினைத்து, தபால் கந்தோரில் இருபத்தொன்பது வருடம் பழகிய இங்கிலீசில், கையாலும் காட்டி, ஆறு பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “ஐயா, நான் குருநகர். பேர் கனிசியஸ். தமிழிலையே சொல்லுங்கோ,” என்றார்.

பிறகு அது வந்தது, அண்ணை. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். எங்கள் வீட்டுச் சுளகை விடப் பெரிய தட்டம். அது நிறைய மஞ்சள் சோறு, அதன்மேல் அரைவாசி ஆடு, வெட்டாமல் கொள்ளாமல் தொடையும் விலாவுமாகப் படுத்திருந்தது. மந்தி என்று பெயராம். கோப்பை எங்கே என்று கேட்டேன். “கோப்பை இல்லை ஐயா. இதிலையே எல்லாரும் கை வைச்சுச் சாப்பிடுறதுதான் இதின்ரை முறை,” என்றார் கனிசியஸ். ஆறு பேர், ஒரு தட்டம். பூரணம் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தேத்தண்ணிக்குப் பயந்து ஓடிவந்த மனிதனை எச்சில் கலக்கச் சொன்னால் என்ன செய்வது? கலியாண வீட்டில் பொம்பிளையும் மாப்பிள்ளையும்கூட ஒரு இலையில் சாப்பிடுவது தாலி ஏறின பிறகுதானே.

ஆனால் பசி. ஒருவரும் தொடாமல் பத்து நிமிடம் இருந்த பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கரண்டியை எடுத்துத் தட்டத்தின் நடுவால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் கீறினேன். இந்தப் பக்கம் சண்டிலிப்பாய், அந்தப் பக்கம் கொடிகாமம். சபாநாதன் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஆட்டுத் தொடை எல்லையில் குறுக்கே கிடந்தது, அதைப் பொதுவில் விடுவது என்று கண்ணாலேயே முடிவாயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ஒரு ஐந்து நிமிடம். பிறகு பார்க்கிறேன், எல்லை எங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. அந்த மனிதன் தன் பங்கை அப்படியே விட்டுவிட்டு எல்லையோரமாகவே அரித்து அரித்துத் தின்கிறார். வேலிக் கதியாலைத் தள்ளி நடுகிற கை, எனக்குத் தெரியாதா? நீங்களும் நானும் வேலி வழக்குக்கு மல்லாகம் கோட்டுக்கு எத்தனை தவணை அலைந்தோம். நானும் கரண்டியால் கோட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.

“எல்லை அங்காலை இருந்தது,” என்றேன்.

“உது உங்கடை நினைப்பு. நான் துவக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்,” என்றார்.

இரண்டு சம்பந்தி வீட்டாரும் ஒருவரோடு ஒருவர் கதைத்த முதல் கதை இதுதான். சம்பந்தி என்று கை தவறி எழுதிவிட்டேன், வெட்டினால் வடிவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

இறைச்சியில் தூள் இல்லை, அண்ணை. மிளகாய்த்தூளும் இல்லை, கறித்தூளும் இல்லை, ஆனால் வாயில் வைத்தால் கரைகிறது. தூள் போடாத இறைச்சி எப்படி ருசிக்கும்? அந்த அதிர்ச்சியில் சோறு தொண்டையில் அடைக்க, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இருந்ததைச் சொதி என்று நினைத்து என் பக்கத்துச் சோற்றில் விட்டேன். அது குடிக்கிற சூப்பாம். சண்டிலிப்பாயில் விட்டது வாய்க்காலில் இறங்கி, கரையை உடைத்து, கொடிகாமம் முழுக்கப் பரவி நின்றது. எது எங்கடை சோறு, எது அவையின்ரை சோறு என்று அந்த நல்லூரானுக்கும் தெரியாது. எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தயாளினி, பொதுவில் விட்ட தொடையில் நல்ல துண்டாகப் பிய்த்து எனக்கு முன்னால் வைத்து, “ஒப்பிரேசன் செய்த ஆள், வடிவாச் சாப்பிடுங்கோ அண்ணை,” என்றார். நான் யோசியாமல் எடுத்து வாயில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். பூரணம் என்னைப் பார்த்தபடி இருந்தாள். சபாநாதன் தன் மனைவியைப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் புரைக்கேறியது. ஆரணி தண்ணீரை நீட்டி, “மெல்லச் சாப்பிடுங்கோ அப்பா,” என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அப்பா என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, புரைக்கேறினதால் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

சபாநாதன் கையை உதறிவிட்டு, “முடிஞ்சுது. இனிச் சுவிசுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?” என்றார். சொல்லிவிட்டு, மிச்சமிருந்த தொடையைத் தன் பக்கம் இழுத்தார். அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர் ஜெயசுதன் சத்தம் கேட்டுத் திரையை விலக்கி, நாங்கள் ஆறு பேரும் ஒரே தட்டத்தில் கை வைத்திருப்பதைப் படம் எடுத்து ஊர் வட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். நான் வீட்டு வாசலில் ஓட்டோவால் இறங்க முன்னமே, நாள் வைத்தாயிற்றா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஆகவே அண்ணை, இது என் விருப்பமில்லை, முறை. ஒரு தட்டத்தில் கலந்து சாப்பிட்ட பிறகு இல்லையென்று சொன்னால் பிறகு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது? நீங்கள் பார்த்து வைத்த மாப்பிள்ளை வீட்டாரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, தம்பி வாக்கு மாறவில்லை, சாப்பாடு தம்பியை மடக்கிவிட்டது என்று விளங்கப்படுத்தவும். ஆவணியில் நாள் பார்க்கிறோம். நீங்களும் அண்ணியும் முன்னுக்கு நின்று நடத்தித் தரவேண்டும். அண்ணிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் ஆசீர்வாதம். முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் என்மேல் கொஞ்சம் இரக்கத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
அதிர்ச்சியிலிருந்து இன்னும் எழும்பாத தம்பி,
சி. பஞ்சலிங்கம்.

பிற்குறிப்பு: பூரணம் சந்தைக்குப் போயிட்டாள், அதுதான் எழுதிறன். தட்டம் வந்தவுடனை முழங்காலையும் பாராமல் நான் கை கழுவ எண்டு எழும்பிப் போனனான், அதை மேலை எழுதேல்லை. அங்கை அலுமாரி நிறையக் கோப்பை அடுக்கியிருந்தது. கனிசியஸைப் பிடிச்சுக் கேட்டன். “மகள் காலமையே போன் எடுத்து, கோப்பை கேட்டால் இல்லையெண்டு சொல்லச் சொன்னவா ஐயா. வேணுமெண்டால் இப்பவே கொண்டுவாறன்,” எண்டான். வேண்டாமெண்டு சொன்னது நான்தான். எல்லை கீறினது, நான் முறை தவறேல்லை எண்டு பூரணத்துக்குக் காட்ட. சூப்பைச் சூப்பெண்டு தெரிஞ்சுதான் விட்டனான். அண்ணை, நீங்கள் போய் முப்பத்துமூண்டு வருசம். வந்தது ரண்டு தரம், அதிலை ஒண்டு அம்மா செத்து எட்டுச் செலவுக்கு. அம்மா கடைசி மட்டும் வாசல் படலையைப் பாத்துக்கொண்டு கிடந்ததைப் பக்கத்திலை இருந்து பாத்தவன் நான். என்னாலை அப்பிடிக் கிடக்க ஏலாது. கொடிகாமத்துக்குப் பஸ்ஸிலை ஒரு மணித்தியாலம், பிள்ளையை நினைச்ச உடனை போய்ப் பாத்துப்போட்டு வரலாம். இந்தத் துண்டை மட்டும் கிழிச்செடுத்துப்போட்டு, மிச்சத்தை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுங்கோ.