எதிர்பாராத நிகழ்வு எதிர்பார்க்கப்படும் நேரம்

குடிநீர் வழங்கல் துறையில் பதினெட்டு ஆண்டுகளாகப் படம் எடுத்துவந்தவரை எல்லோரும் கேமராக்கா என்றே கூப்பிடுவார்கள். ரிப்பன் வெட்டுவதையும் கைகுலுக்குவதையும் அவர் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடுவார். பல படங்களில் அதிகாரிகளும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஒருநாள் தெருக்குழாய்த் திறப்பு விழா. துறை இயக்குநர் குழாயைத் திருகினார், தண்ணீர் வரவில்லை. குனிந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் பீய்ச்சி அடித்தது. கையை விரித்து, வாயைப் பிளந்து, வெயிலில் மின்னிய துளிகளுக்கு நடுவே சின்னப் பிள்ளைபோல அவர் நின்ற அந்த நொடியில் கேமராக்காவின் விரல் அழுத்திவிட்டது.

இயக்குநர் வேலைநீக்க ஆணை தயாரிக்கச் சொன்னார். அது தட்டச்சாகி முடிவதற்குள் படம் பத்திரிகைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டது. அமைச்சரே போன் போட்டுப் பாராட்டினார். பெயர், பதவி, நாள் எல்லாம் சரியாக இருந்ததால், ஆணையின் கடைசி வரியை மட்டும் மாற்றிப் பாராட்டுரை ஆக்கினார்கள்.

மறுநாள் தலைமை எழுத்தர் கேமராக்காவை விசாரித்தார்.

"இந்தப் படத்த எப்படித் திட்டமிட்டீங்க?"

"திட்டமெல்லாம் இல்ல சார். ஏதோ அதிர்ஷ்டம்."

"யாரோட அதிர்ஷ்டம்?"

"என்னோடதுதான்."

"கேமரா யாரோடது?"

"ஆபீஸோடது."

"எடுத்த நேரம்?"

"ஆபீஸ் நேரம்."

"அப்போ அதிர்ஷ்டமும் ஆபீஸோடதுதான்." தளவாடப் பதிவேட்டில் மின்விசிறிகளுக்குக் கீழே 'அதிர்ஷ்டம் – ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. இனி எந்தப் படத்துக்கும் பதினைந்து நாள் முன்பே திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். அதற்கான படிவத்தில் நான்காம் கட்டம்: 'எதிர்பாராத நிகழ்வு எதிர்பார்க்கப்படும் நேரம்.' திட்டத்தில் இல்லாததை எடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை. கேமராக்காவின் பதவி உயர்வுக் கோப்பு அப்போது இயக்குநர் மேசையில் இருந்தது. அடுத்த குழாய்த் திறப்பு விழாவுக்கு அவர் '10.17' என்று நிரப்பிக் கொடுத்தார்.

அந்த விழா எங்கள் தெருவில்தான் நடந்தது. இருநூறு பேர் திரண்டிருந்தோம். தன்னிச்சையாகச் சிரிக்க ஆறு ஊழியர்களுக்குப் பணி ஒதுக்கீடு செய்திருந்தார்கள். சுவருக்குப் பின்னால் பிளம்பர் தயார். 10.17-க்கு இயக்குநர் குழாய்க்கு முகத்தைக் கொடுத்தார். அறுவரும் சிரித்தார்கள். தண்ணீர் வரவில்லை.

"வால்வைத் திறந்தாச்சுய்யா! மேல டேங்க்லயே தண்ணி இல்லன்னா நான் என்ன பண்றது?" என்று பிளம்பர் கத்தினார்.

இயக்குநர் அப்படியே குனிந்தபடி இருபது நிமிடம் நின்றார். அறுவரும் விதிப்படி சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவருக்கு விக்கல் வந்துவிட்டது.

அப்போது எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து, இயக்குநரின் சட்டைப்பையில் இருந்த விழா உரைத் தாளைக் கவ்வியது. அவர் ஒரு பக்கம் இழுக்க, ஆடு மறுபக்கம் இழுக்க, காகிதம் கிழிந்து இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஆடு நிதானமாக மென்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்த இயக்குநருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

கேமராக்கா கேமராவை உயர்த்தினார்.

"யக்கா! திட்டத்துல ஆடு இல்ல!" என்று அலறினார் தலைமை எழுத்தர்.

கேமராக்காவின் விரல் பொத்தான்மேல் இருந்தது. இப்படி ஒன்று இன்னொரு தடவை வாய்க்காது என்று தெரியும். கோப்பும் நினைவுக்கு வந்தது. கேமராவை இறக்கிவிட்டார்.

தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்த இயக்குநர் ஆசையாகக் கேட்டார்: "எடுத்தீங்களா?"

"ஒப்புதல் இல்ல சார்."

இயக்குநரின் முகம் வாடிவிட்டது. "நான் அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? சரி, இத்தனை பேர் கையில போன் இருந்துச்சே, யாராவது எடுத்திருப்பீங்களே! அனுப்புங்கய்யா, ப்ளீஸ்."

இருநூறு பேரும் அனுப்பினோம். இருநூறு படத்திலும் எடுத்தவர் முகம்தான். சிலவற்றில் மட்டும் ஓரமாக ஆட்டின் காது தெரிந்தது.

என் படம் நன்றாகவே வந்திருக்கிறது. ஓரத்தில் தெரிந்த ஆட்டுக் காதை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.