அழாத குழந்தை

சேர்வராயன் மலையில் காட்டெருமைக்குப் பயப்படாத ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நர்ஸம்மாவுக்குப் பயப்படாத ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை.

வாழவந்தி பக்கம் ஒரு காபி எஸ்டேட் டிஸ்பென்சரியைத் தனியாளாக நடத்தியவர் அவர். நாலரை அடி உயரம், தடித்த கண்ணாடி, அளந்த பேச்சு. பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. நான் தபால் ஆபீஸ் கிளார்க். அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கே மேகம் இறங்கி, எதிர்வீடு காணாமல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெள்ளைக்குள் நர்ஸம்மா வாசலில் மெல்ல உலாத்துவார். நெஞ்சோடு, கம்பளியில் சுற்றிய கைக்குழந்தை. கல்யாணமே ஆகாதவர் அவர். குழந்தை அழுது நான் கேட்டதில்லை. இரண்டு மணிக்குத் தேங்காய் அளவு இருப்பது மூன்றரைக்குப் பூசணிக்காய் அளவு ஆகியிருக்கும். சாயங்காலம் இருக்காது. அடுத்த ஞாயிறு மறுபடி சின்னதாக வரும்.

நான் ஞாயிறுதோறும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சத்தமாகக் கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்படி ஒரு ஞாயிறு, எஸ்டேட்டில் வேலை செய்யும் பழனி வந்து கதவைத் தட்டினான்.

"ஏனுங்க சார், எம்பொண்டாட்டிக்கு நாளு நெருங்கிருச்சுங்க. நர்ஸம்மாகிட்ட வரமாட்டேங்குறாளுங்க."

"ஏன்?"

"சன்னல் வழியாப் பாத்துட்டாளுங்க. நர்ஸம்மா அந்தக் கொழந்தைய ஓங்கிக் குத்துனாங்களாம்."

"குழந்தை?"

"அழுவலீங்க. புஸ்ஸுன்னு பெருமூச்சு உட்டுட்டு சின்னதாப் போயிருச்சுங்களாம்."

நான் கதவைப் பாதி சாத்தினேன்.

"பக்கத்து ஊடு நீங்கதானுங்க. என்னன்னு பாத்துச் சொல்லுங்க. மொதப் பிரசவத்துலயே நொம்பச் செரமப்பட்டவளுங்க. ஊட்டுலயே பெத்துக்கறேங்கறா."

அவன் கண் கலங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் போனேன். பழனி வாசலோடு நின்றுகொண்டான்.

நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. உக்காருங்க. இதப் புடிங்க. ஆட்டாதீங்க, சூடு மட்டும் குடுங்க."

மூட்டையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெதுவெதுப்பாக இருந்தது. கள் மாதிரி ஒரு புளித்த வாடை. கம்பளிக்கடியில் ஏதோ மெதுவாக, மிக மெதுவாக மேலேறியது. கம்பளியின் ஓரம் விலகியது. உள்ளே முகம் இல்லை. பழுப்பாக, ஈரமாக ஒன்று. அதன் நடுவில் ஒரு குமிழி கிளம்பி, கண் மாதிரித் திறந்து, பட்டென்று உடைந்தது.

நான் அலறினேன். என்னைவிடப் பெரிதாக வாசலில் பழனி அலறினான்.

நர்ஸம்மா ஓடி வந்தார். "கத்தாதீங்க, அமுங்கிரும்!"

"என்னங்க இது?"

"கோதுமை மாவுங்க. தவிடு சலிக்காம அரைச்சு ஈஸ்ட் போட்டது. இந்தக் குளிர்ல சும்மா வெச்சா உப்பாது. மனுசச் சூடு வேணும்."

"குத்தினீங்களாமே?"

"மொதல்ல உப்புனதும் குத்திக் காத்த எடுக்கணும். அப்பத்தான் மறுபடி நல்லா எழும்பும்." இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரிப் பார்த்தார்.

மாவை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மணல் பரப்பிய அண்டாவுக்குள் இறக்கி, மூடிமேல் கங்கு அள்ளி வைத்தார். ஒரு மணி நேரத்தில் பொரபொரவென்று பழுப்பு ரொட்டி வந்தது. பாதியைப் பழனி துண்டில் முடிந்துகொண்டு ஓடினான். அவன் மனைவி முதலில் மோந்து பார்த்தாளாம். அப்புறம் அவனுக்கு ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை அவளே டிஸ்பென்சரிக்கு வந்தாள். வலி ஒரு நாள் முழுக்க நீடித்தது. நர்ஸம்மா அவள் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. பிறந்த பெண் குழந்தை எஸ்டேட்டே அதிர அழுதது. பழனி அதைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டான்:

"ஏனுங்கம்மா, இது உப்புங்களா?"

"உப்பும் பழனி. ஆனா மெதுவா." அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் மடி நர்ஸம்மாவுக்குச் சொந்தமானது.

மறுவருஷம் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்ட அதிகாரியிடம், மலைக்காற்று உடம்புக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது என்றேன், இரண்டு ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டுக்கொண்டு, நடுநடுவே தும்மியபடி.