தட்டை எட்டிப் பார்ப்பவர்கள்

உங்களுக்குத் தக்காளியைத் தெரியும். கத்தரிக்காயைத் தெரியும். எடுத்தீர்களா, சமைத்தீர்களா, வாயில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போனீர்களா, அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் இன்னொரு இனம் இருக்கிறது. அந்த இனத்துக்காரர் கண்ணுக்குத் தக்காளி தெரியாது, அதன் சிவப்பில் இருக்கும் லைகோபீன் என்ற சத்து தெரியும். கத்தரிக்காய் தெரியாது, அதன் ஊதாத் தோலில் குடியிருக்கும் ஆந்தோசயனின் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன நஷ்டம் என்கிறீர்களா? தெரிந்ததை உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீங்கள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துச் சொல்வாரே, அதுதான் நஷ்டம்.

இவரை எனக்கு ரொம்ப நெருக்கமாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று இவர் முகத்தைத்தான் சவரம் செய்கிறேன்.

இவர் எதையும் தோல் சீவ விடமாட்டார். தேநீரில் பால் விட்டால் துக்கம் கேட்டவர்போல் தலையை ஆட்டுவார். தக்காளியைப் பச்சையாகத் தின்னாதே, எண்ணெயில் வதக்கித் தின் என்பார். பூண்டை நசுக்கியதும் சட்டியில் போடக் கூடாது, அதற்குள் இருக்கும் நல்லது கூடிவரக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டுப் பூண்டுக்குக் காவல் நிற்பார்; வீடே பசியில் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருக்கும். "ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க" என்பது இவருடைய தாரக மந்திரம். எந்த ஆராய்ச்சி, யார் சொன்னார்கள்? கேட்டுவிடாதீர்கள், சொல்லிவிடுவார். இத்தனைக்கும் ஊரில் சளி வந்தால் முதல் தும்மல் இவருடையதுதான். என்ன சார் இது என்றால், இதையெல்லாம் சாப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் பலமாகத் தும்மியிருப்பேன் என்பார். எப்படி மடக்குவீர்கள்?

நான் வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தில். மெய்ப்புத் திருத்துபவன். அடுத்தவர் எழுத்தில் பிழை பிடிப்பதற்குச் சம்பளம். அடுத்தவர் தட்டில் பிழை பிடிப்பது இலவச சேவை. மதியம் தாள் மடிக்கும் நீள மேசையைத் துடைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். பைண்டிங் அக்கா, மெஷின்காரர், கணக்காளர், நான். நாளெல்லாம் எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு மனிதர்களோடு உட்காரக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'நார்ச்சத்து' என்று பெயர் வைத்திருந்ததுகூடப் பிரியத்தில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் டப்பாவோடு போகிறேன், மேசையில் ஆளில்லை. மறுநாளும் இல்லை. எல்லோருக்கும் வேலை நெருக்கடி போலிருக்கிறது, பாவம் என்று பரிதாபப்பட்டேன். அதற்கடுத்த நாள் காகிதக் கிடங்கிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் காகித உருளைகளுக்குப் பின்னால் மூவரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். என்னைக் கண்டதும் மெஷின்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வறுத்த உருளைக்கிழங்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்றார் அக்கா. "நீங்க சொல்றதெல்லாம் நல்லதுதான். ஆனா நாங்க சாப்பிட வர்றோம், பரிசோதனைக்கு வரலை."

அழுகை வந்துவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வந்துவிட்டது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன், ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்கும் என்று.

"அவங்களுக்காவது ஒளிஞ்சுக்க ஒரு கிடங்கு இருக்கு," என்றாள். "நான் எங்க போறது?"

மறுநாள் நேராகக் கிடங்குக்குப் போய், இனி சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கமாட்டேன், ஓரமாக ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு காகிதக் கட்டைத் தள்ளிப் போட்டார். உட்கார்ந்தேன். கணக்காளர் டப்பாவைத் திறந்தார். பீட்ரூட். ஐயோ, அந்த நிறம்! அதைப் பற்றி எனக்கு என்னவெல்லாம் தெரியும்! நாக்கு நுனியில் வந்து நின்றதை ஒரு கவளத்தோடு சேர்த்து விழுங்கினேன். அக்கா தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்தார். அச்சகத்தில் இத்தனை வருடத்தில் என் டப்பாவில் யாரும் எதுவும் வைத்ததில்லை. என்ன காய், தோல் சீவியதா, எதுவும் பார்க்காமல் தின்றேன். நன்றாக இருந்தது.

"ருசி எப்படி?" என்றார் அக்கா.

நான் பதில் சொல்வதற்குள் மெஷின்காரர் தொண்டையைக் கனைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா, பூண்டை நசுக்கினதும் போட்டுட்டீங்க போல. கொஞ்ச நேரம் சும்மா வச்சிருக்கணும். ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க."

அக்கா மெல்லுவதை நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சாப்பிடும் இடம் மறுபடி மாறியது. இந்த முறை எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். மெஷின்காரருக்குத்தான் சொல்லவில்லை.

ஆக, நான் பிழைத்துக்கொண்டேன். எனக்கு உங்களை நினைத்துத்தான் கவலை. தக்காளியை எண்ணெயில் வதக்க வேண்டும் என்று மேலே சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. படிக்கும்போது 'ஏனாம்?' என்று ஒரு கணம் தோன்றியதா? பரவாயில்லை, அது யாருக்கும் தோன்றும். ஆனால், 'எனக்குத் தெரியுமே!' என்று தோன்றியிருந்தால், இன்று மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு போகும்போது கொஞ்சம் கவனியுங்கள். மேசையில் ஆட்கள் இருக்கிறார்களா?