குடுமி நிமிர்த்திய தேங்காயும் குழாய்க்குச் சேர்த்த காசும்

அந்தச் சனிக்கிழமை காலையில் நிபோங் திபாலுக்குப் போகிற சாலை திணறியதற்கு நான்தான் காரணம். பினாங்குப் பாலம் பாரம் தாங்காமல் குனிந்து, கடலில் வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். அன்றைக்கு நாங்கள் நம்பியதைப் பார்க்கும்போது இது எவ்வளவோ தேவலாம்.

கதை இதுதான். நிபோங் திபாலில் செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய தோட்டத்து லயம்; இருபத்திரண்டு வீடுகள். அத்தனை பேருக்கும் சாலையோரத்தில் ஒரே குழாய். அதுவும் சளி பிடித்த மூக்கு மாதிரி ஒழுகும். வீட்டுக்கு வீடு குழாய், கொல்லைக்குக் கொல்லை காய்கறிப் பாத்தி என்று நிதி திரட்ட ஜார்ஜ் டவுனில் கூப்பன் விருந்து நடத்தினோம். சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஹைதர் பாய் இருபது தேக்சா பிரியாணியை இலவசமாக இறக்கினார். கூப்பன் விற்றது நான். கையில் புத்தகத்தோடு நான் வருவதைப் பார்த்தால் தெரிந்தவர்கள் எல்லாம் தெருவை மாற்றினார்கள். சிலர் ஊரையே மாற்றினார்கள். கப்பல் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற இந்தப் பேட்ரிக்குக்கு வேறு என்ன வேலை?

முப்பதாயிரம் வெள்ளி சேர்ந்தது. பொருளாளர் நான். செக்கில் கையெழுத்தும் என்னுடையது. நான் கெட்டுப் போக இது போதாதா?

அப்போது வாட்ஸ்அப் வழியாக அவதரித்தார் ஜலயோகி லோகேஸ்வரன். முன்பு வீடு வீடாக வாட்டர் ஃபில்டர் விற்றவர். ஃபில்டர் விற்கவில்லை, ஞானம் வந்துவிட்டது. உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார். அடியில் நீரூற்று இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும்.

"பைப் போட்டா மாசாமாசம் பில் வரும் அங்கிள். ஊத்தைப் பாத்து போர் போட்டா ஆயுசுக்கும் ஃப்ரீ லா!" என்றார்.

போர் போட எவ்வளவு? முப்பதாயிரம். எங்களிடம் எவ்வளவு இருந்ததோ, சுத்தமாக அவ்வளவு. இதையும் தெய்வச் செயல் என்றுதான் நினைத்தேன்.

அத்தோடு விட்டாரா? தேங்காயை என் கையில் வைத்தார். "இந்த இடம்தான் அங்கிள்" என்றார். தேங்காய் எழுந்து நின்றது!

"அங்கிள், உங்க கையில ஓட்டம் இருக்கு!"

ஃபைல் மட்டுமே ஓடிய கை. அன்றிலிருந்து என்னைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் வெரோனிக்காவிடம் சொன்னேன். "பாத்ரூம்ல பைப்பு ரெண்டு வாரமா ஒழுகுது. அது எங்கன்னு இந்தக் கைக்குத் தெரியலையாக்கும்?" என்றாள். மனைவிகளுக்கு ஆன்மிகம் புரியாது.

கூப்பன் வாங்கியவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினேன். சனிக்கிழமை லயத்துக்குப் பாகான் டாலாமிலிருந்தே மூன்று பஸ். யோகி மந்திரித்த தேங்காய்களைக் குவித்து வைத்திருந்தார். கொல்லையில் ஒன்றைப் புதைத்தால் பாத்தி தானாக ஈரமாகுமாம். விலை இருபது வெள்ளி. முதல் தேங்காய் வாங்கிய முட்டாள் யார் என்று கேட்காதீர்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் அவன்.

யோகி நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் நின்றது. சிவப்புக் கொடி நட்டார்கள். நானும் நடந்தேன். அதே கொடி அருகே என் தேங்காயும் நின்றது. கைதட்டல்! இரண்டு பேர் என் காலைத் தொட்டார்கள். நான் தடுக்கவில்லை, முட்டி வலிக்கிற காலை முன்னால் நீட்டினேன்.

செக் புத்தகத்தை எடுத்தேன்.

"ஒரு நிமிஷம் அங்கிள்."

நவமணி. அந்த லயத்துக்காரி. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த உடையிலேயே சாலையிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் சுமந்து வந்திருந்தாள். அவளுடைய கங்கோங் கீரைக்கும் வெண்டைக்கும் தினம் பத்து நடை.

"பைப்புன்னு சொல்லித்தானே காசு வாங்குனீங்க? கான்ட்ராக்டர் திங்கக்கெழம குழி தோண்ட வர்றாரு. இந்தக் காசு போயிருச்சுன்னா அப்புறம் எங்களுக்கு யாரு தருவா? போர்ல தண்ணி வரலைன்னா?"

"வரலைன்னா உங்க நம்பிக்கை பத்தலைன்னு அர்த்தம்மா" என்றார் யோகி.

"சரிங்க சாமி. நான் ஃபேக்டரியில கியூசி, சாமான் தரம் பாக்குற வேலை. 'ஓகே' ஸ்டிக்கரை மறைச்சிட்டுத்தான் சாமானை டெஸ்ட் பண்ணுவோம். இல்லாட்டி கண்ணு ஸ்டிக்கரைப் பாத்தே பாஸ் போட்டுரும். நீங்க கொடியைப் பாத்துக்கிட்டே நடக்குறீங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு ஒருவாட்டி நடங்களேன். ஊத்து எங்கயும் ஓடிராதுல்ல?"

"கண்ணைக் கட்டுனா மூணாவது கண்ணு கோவிச்சுக்கும்!"

இங்கேதான் எனக்கு வீரம் வந்தது. "சாமி எதுக்கு? நான் நடக்கிறேன், கட்டுங்க!" என்று முழங்கினேன். யோகியின் முகம் வெளுத்தது. அதைப் பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹைதர் பாய் தோள் துண்டால் கட்டினார். உலகமே பிரியாணி வாசனையாக இருண்டது. நவமணி முழங்கையைப் பிடித்து நடத்தினாள். நடந்தேன், நடந்தேன், அடுத்த மாநிலத்துச் சுங்கைப்பட்டாணி வரைக்கும் நடந்திருப்பேன். தேங்காய் தூங்கியது.

"கொஞ்சம் மேடு அங்கிள், காலைத் தூக்கி வைங்க... ஆங், கொடிக்கிட்ட வந்தாச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, தேங்காய் விறைத்து எழுந்தது!

"பாத்தியா புள்ள!" என்று கத்தினேன்.

ஊர் சிரித்தது. துண்டை அவிழ்த்தேன். சாமான் ஏற்றப் பலகை சாய்த்திருந்த ஹைதர் பாயின் லோரிக்குள், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

"கொடிக்கிட்டயே மூணுவாட்டி கூட்டிட்டுப் போனேன் அங்கிள். நான் வாய் தொறக்கல, தேங்காயும் அசையல. சொன்னதும் எந்திரிச்சிருச்சு. தேங்காய்க்குத் தண்ணி தெரியல, காது மட்டும் நல்லாக் கேக்குது."

"யா அல்லாஹ், என் லோரியில போர் போட்ராதீங்கப்பா!" என்றார் ஹைதர் பாய்.

கையைப் பார்த்தேன். கொடி என்று கேட்டதும் விரல்கள் தாமாகவே மடங்கி, தேங்காயின் அடியைத் தூக்கிவிட்டிருந்தன. எனக்குத் தெரியாமல் என் விரல். தெரிந்தே செய்தது யோகியின் விரல்.

"அங்கிளுக்கு இன்னும் பக்குவம் வரல" என்று சமாளித்தார் யோகி.

"அப்ப பக்குவப்பட்டவரு வாங்க!" என்றது கூட்டம். வேறு வழியில்லாமல் கட்டிக்கொண்டார். நவமணி பேசவே இல்லை. முதல் தடவை அவருடைய தேங்காய் நின்ற இடம் பூப்பந்துத் திடலின் சிமென்ட் தரை. இரண்டாம் தடவை, அவர் ஏறி வந்த சொந்தக் காரின் பானெட்டுக்கு முன்னால். மூன்றாம் தடவைக்குள் துண்டை வீசிவிட்டு அந்தக் காரிலேயே ஏறப் பார்த்தார். இருபது வெள்ளி கொடுத்தவர்கள் கதவைத் திறக்க விடவில்லை. கடைசி ஆளுக்கும் காசு திரும்பிய பிறகுதான் வண்டி நகர்ந்தது.

செக்கைக் குழாய் கான்ட்ராக்டர் பெயருக்கு எழுதினேன். நவமணி குனிந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்த்தாள். அவள் பார்த்ததில் தப்பே இல்லை, கியூசி ஆயிற்றே. திங்கட்கிழமை குழி தோண்டினார்கள். மூன்றாவது வாரம் அவள் கொல்லையில் குழாய் சீறியது. என் சட்டை நனையும்படி திருப்பினாள்; வேண்டுமென்றேதான்.

ஆயிரம் பேர் வந்த இடத்தில் கேள்வி கேட்க ஒருத்திதான் இருந்தாள். சந்தையில் மூன்று வெள்ளித் தேங்காயைக் காதருகே வைத்து நாலு தடவை ஆட்டிப் பார்க்காமல் வாங்குவோமா? முப்பதாயிரம் கேட்டு வருகிறவனை ஒரு தடவையாவது ஆட்டிப் பாருங்களய்யா!