பயந்தால்தான் திறக்கும்

மாத்தளை மாவட்டத்தில் பேய்களுக்கு அடுத்தபடியாக மனுஷரை அதிகம் பயமுறுத்தியவர் சாவிக்கொத்து அண்ணன்தான். பேயாவது பயமுறுத்திவிட்டுப் போய்விடும். இவர் பயமுறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து டைப் பண்ணச் சொல்வார்.

டவுனில் மிளகும் கராம்பும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் கிளார்க். மேலே ஆபீஸ், கீழே கராம்பு ஸ்டோர். கம்ப்யூட்டருக்குத் தும்மல் வந்தாலும் அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும். பல்லேபொலயிலிருந்து பஸ்ஸில் வருவார். ஆபீஸில் எல்லோருடைய போனிலும் பாஸ்வேர்ட் மேனேஜர் என்கிற பெட்டகத்தைப் போட்டுக் கொடுத்து, ஆளாளுக்கு இருந்த பாஸ்வேர்டை எல்லாம் அதற்குள் பூட்டவைத்தவர் அவர்தான். அதனால் வந்த பட்டப்பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

பூட்டியதோடு விட்டிருந்தால் நல்ல மனுஷன் என்று முடித்துவிடலாம். "பெட்டகம் கெட்டுப்போனா? போன் தொலஞ்சா? வெளிய ஒரு காப்பி எடுத்து வெக்கணும் தம்பி" என்று பிடித்துக்கொண்டார்.

"எடுங்களேன் அண்ணே, யார் வேணாங்கிறா?"

"சும்மா எக்ஸ்போர்ட் பண்ணினா பாஸ்வேர்ட் எல்லாம் அம்மணமா வந்து நிக்கும். பென் டிரைவ் எவன் கையில கெடச்சாலும் மானம் போச்சு. இன்னொரு வகை இருக்கு, அது அதே அக்கவுண்ட்லதான் திறக்கும். பூட்டுக்குள்ளயே சாவிய வெச்ச மாதிரி. தனியா ஒரு பாஸ்வேர்ட் குடுத்து, சட்டை போட்டு எடுக்கிறதுதான் மரியாதை."

அந்தத் தனிப் பாஸ்வேர்டில்தான் சனியன் பிடித்தது. யோசித்து வைக்கிற பாஸ்வேர்ட் எல்லாம் மறந்துபோகும் என்பது அண்ணனின் சித்தாந்தம். "யோசிச்சு வெக்கிறது மூளையில இருக்கும். பயந்தா வாயில வர்றது எலும்புல இருக்கும். எலும்புக்கு மறதி கிடையாது."

பௌர்ணமிக்கு ஊரே லீவு விடுகிற போயா நாள், உச்சி வெயில், ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் நேரம். ஒருத்தரை மட்டும் வரச் சொல்வார். கராம்பு ஸ்டோருக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, லைட்டை அணைப்பார். தெருவில் ஒரு பஸ் சத்தம்கூட இருக்காது. இருட்டில் மூட்டைகளின் சூடு மட்டும், யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரி, முகத்தில் படும். அண்ணன் எங்கே நிற்கிறார் என்று தெரியாது. எவ்வளவு நேரம் என்றும் தெரியாது. எதிர்பார்த்து எதிர்பார்த்து அலுத்துப்போய், சரி, மனுஷன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைக்கிற அந்த நொடியில், பிடரியில் ஒரு ஈரமான விரல் வந்து நிற்கும்.

அலறியதை அப்படியே ஆங்கில எழுத்தில் டைப் பண்ண வேண்டும். அதுதான் காப்பியின் பாஸ்வேர்ட். அது தன் காதில் விழக்கூடாது என்று அண்ணன் முன்கூட்டியே இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருப்பார். டைப் பண்ணி முடித்த பிறகுதான் பஞ்சை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, "முடிஞ்சுதா?" என்பார்.

எக்கவுண்டன்ட் மிஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இருமினாலே ஆபீஸ் எழுந்து நிற்கும். அவரையும் விடவில்லை.

"கத்தினது கடவுளா, அம்மாவா? வாய தொறக்காதீங்க, தலைய மட்டும் ஆட்டுங்க."

மிஸ் தலையை ஆட்டினார்.

"செல்லாது மிஸ். ஊரே அதத்தான் கத்துது. திருடன் முதல்ல அதத்தான் போட்டுப் பாப்பான். அடுத்த போயாவுக்கு வாங்க."

மிஸ் மறுபடியும் வந்தார் என்பதுதான் அதிசயம். முதலாளி மாத்தயா, அதாவது முதலாளி ஐயா, சிங்களவர். எங்களோடு ஒரு தமிழ் வார்த்தை பேசியதில்லை. அவர் சுத்தமான தமிழில் அலறினார் என்று கேட்டில் நின்ற வாச்சர் ஊரெல்லாம் சொன்னார். ரகசியம் வெளியே போய்விட்டதே என்று அண்ணன் மாத்தயாவையும் இரண்டாம் தடவை பயமுறுத்த வேண்டியதாயிற்று.

என் முறையும் வந்தது. அலறினேன், டைப் பண்ணினேன். கடவுளும் இல்லை, அம்மாவும் இல்லை என்று தலையை ஆட்டினேன். என் பென் டிரைவில் கறுப்பு நூல் கட்டி, மற்றவர்களுடையதோடு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஸ்டோர் அலமாரியில் வைத்தார். வெட்கத்தில் அந்த வார்த்தையை அன்றைக்கே மறந்துவிட முயன்றேன். நன்றாகவே மறந்தேன்.

பிறகு அண்ணன் செத்துப்போனார். நெஞ்சுவலி. அவரைப் பயமுறுத்த ஒன்று வந்தபோது அவர் என்ன கத்தினார் என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒருநாள், மிளகு விஷயமாக லக்கல பக்கம் போனபோது என் போன் ஆற்றில் விழுந்தது. புதுப் போன் வாங்கினேன். பெட்டகம் முதன்மைப் பாஸ்வேர்டைக் கேட்டது. இத்தனை வருஷமும் விரல் ரேகைதான் திறந்தது. மூளைக்கு அதில் வேலையே இருக்கவில்லை. பெட்டகக்காரர்களோ, தங்களாலும் திறக்க முடியாது, அதுதான் பாதுகாப்பு என்று எழுதிவிட்டார்கள்.

"கமலி சிரிக்கிற வீடியோ உங்க மெயிலுக்குள்ளதானே இருக்கு? அந்தப் பாஸ்வேர்டும் பெட்டகத்துக்குள்ளயா?" என்றாள் என் மனைவி.

கமலி என் தங்கை. எங்கள் மகளை முதன்முதலாகக் கையில் வாங்கி, பிள்ளை மூக்கைப் பிடித்து இழுக்க, விடாமல் சிரிப்பாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் குரல் இருப்பது அந்த ஒரு வீடியோவில்தான். அந்த மெயிலை மீட்க நான் கொடுத்து வைத்திருந்ததும் கமலியின் நம்பர்தான். அதற்கு அடித்துப் பார்த்தேன். யாரோ எடுத்து, "கவுத?" என்று சிங்களத்தில் யாரென்று கேட்டார்கள். நம்பர் வேறு யாருக்கோ போயிருந்தது. வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது கறுப்பு நூல் கட்டிய பென் டிரைவ்தான். எடுத்து வந்து, தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் போட்டுப் பார்த்தேன். மனைவி பெயர், அவளுடைய அம்மா பெயர், எதற்கும் அசையவில்லை.

"எலும்புலதான இருக்குன்னாரு? அங்கயே போய் உக்காந்து பாருங்க" என்றாள் மனைவி.

போயா நாளில் லேப்டாப்பும் பென் டிரைவுமாகப் போய், வாச்சரிடம் சொல்லி ஸ்டோரைத் திறந்தோம். முதலில் மனைவி பயமுறுத்திப் பார்த்தாள். வளையல் சத்தம் முன்னாலேயே வந்துவிட்டது, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நான் வெளிய நிக்கிறேன், நீங்களே பயந்துக்கங்க" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அதே உச்சி வெயில், அதே மூட்டைகளின் சூடு. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது, பயமும் அப்படித்தான். கமலியை நினைத்தேன். அந்தச் சிரிப்பு எப்படி ஆரம்பிக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அது உறைத்ததும் அழுகை வந்தது. சரி, இனி ஒன்றும் நடக்காது, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்திருக்கப் போனேன்.

பிடரியில் ஒரு ஈரமான விரல் வந்து நின்றது.

"கமலி, கூட வாடி, பயமா இருக்கு" என்று அலறினேன்.

இப்போது பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், அதனால் உங்களிடம் சொல்லலாம். சின்ன வயதில், தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்கு இருட்டில் போக, அண்ணன்காரன் நான் தங்கச்சியைத் துணைக்குக் கூப்பிடுவது அப்படித்தான். ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்றுதான் அந்த வார்த்தையை அன்றைக்கு அவ்வளவு அவசரமாகப் புதைத்தேன்.

அதையே டைப் பண்ணினேன். திறந்தது. பாஸ்வேர்ட் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அலறல் கேட்டு ஓடிவந்த மனைவி லைட்டைப் போட்டாள். மெயிலுக்குள் போய், அந்த வீடியோவை அங்கேயே போட்டோம். கராம்பு மூட்டைகளுக்கு நடுவில் கமலி சிரித்தாள். மூக்கால்தான் ஆரம்பித்தாள். இருவரும் அழுதோம்.

"கழுத்துல என்னாங்க ஈரம்?" என்றாள் மனைவி. கூரை ஒழுகியிருக்கும் என்றேன். மழை பெய்து வாரக்கணக்காகிறது என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் போய் த்ரீவீலரில் ஏறிய பிறகு, கதவைப் பூட்டத் திரும்பினேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் தரையில் இரண்டு பஞ்சு உருண்டைகள் கிடந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஓடத் தோன்றவில்லை. பஞ்சை எடுத்தாயிற்று, இனிக் காது கேட்கும்.

"முடிஞ்சுதுண்ணே" என்றேன்.