இயந்திரம் படிக்காத வரிகள்

சிங்கப்பூரில் நான் பழகிய மனிதர்களுள் மிக அதிகமாகப் பேசியவர் யார் என்று கேட்டால், வாயைத் திறக்கவே திறக்காத ஒருவரைத்தான் சொல்வேன். பட்டிமன்றப் பேச்சாளர்கள், சமூக மன்றத் தலைவர்கள், என் மூத்த மைத்துனர் ஆகிய அனைவரும் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

அவருடைய இயற்பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. பூன் லே வட்டாரத்துக்கு அப்பால் இருந்த எங்கள் தொழிற்கூடத்தில் வேறெங்கும் அது வழங்கவில்லை. எல்லாரும் அவரைப் ‘பிராக்கெட்’ என்றே அழைத்தனர். ஒரு மனிதரைச் சுவரில் அடிக்கும் சட்டத்தைப் போலக் குறிப்பிடுவது எனக்கு ஒவ்வாது. ஆகவே இக்கட்டுரையில் அவர் பிராக்கெட்டார்.

பெயர் வந்த கதையைச் சொல்ல, எங்கள் தொழிலைச் சிறிது சொல்லியாக வேண்டும். நான் அங்கே பதினெட்டு ஆண்டுகள் உற்பத்தி மேலாளராக இருந்தேன். எங்கள் லேத்துகளை, அதாவது கடைசல் இயந்திரங்களை, கையால் ஓட்டுவதில்லை. சுழலும் உலோகத்தை எந்தக் கத்தி, எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்று கணினித் திரையில் வகுத்துக் கொடுத்தால், ‘கேம்’ என்னும் மென்பொருள் அதனை எழுத்தும் எண்ணுமாக நூற்றுக்கணக்கான வரிகளாக்கித் தரும். அதுவே புரோகிராம்; அதை எழுதுவதுதான் பிராக்கெட்டாரின் வேலை. லேத் அதனை வரிவரியாகப் படித்து அப்படியே செய்யும். ஆனால் அடைப்புக்குறிக்குள், அதாவது பிராக்கெட்டுக்குள், என்ன இருந்தாலும் லேத் அதைப் பொருட்படுத்தாது தாண்டிப் போய்விடும். அந்த இடம் மனிதர்களுக்கானது. ஆபரேட்டருக்கு ஏதேனும் குறிப்பு இருந்தால் அங்கே எழுதலாம். பிற புரோகிராமர்கள் ‘மூன்றாம் நம்பர் டூல்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வார்கள். பிராக்கெட்டார் அங்கே குடித்தனமே நடத்தினார்.

லேத்தின் திரை தமிழ் எழுத்தை அறியாது. ஆகவே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தமிழை எழுதினார். தேய்ந்த கத்தி ஒன்றுக்கு முன்னால், ‘இதுக்கு வயசாயிடுச்சு, அதட்டாதே’ என்றிருக்கும். துளையிடும் வரிகளுக்கு நடுவே, அன்றைக்குக் கேன்டீனில் போட்ட சாம்பாரைப் பற்றி ஒரு விமரிசனம் இருக்கும். மலேசியாவின் ஜோகூரிலிருந்து நாள்தோறும் மோட்டார்சைக்கிளில் காஸ்வே என்னும் கடற்பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் வழியாக வந்து சேரும் குமரேசன் என்ற ஆபரேட்டருக்கு, காலை வேலைக்கான புரோகிராமின் தலைப்பிலேயே ஒரு வரி காத்திருக்கும்: ‘காஸ்வேல மாட்டியிருப்பே. மொதல்ல தண்ணி குடி. அப்புறம் கதவைச் சாத்து. அப்புறம் ஸ்டார்ட்.’

குமரேசன் நாற்பதைத் தாண்டியவர், மூன்று பிள்ளைகளின் தந்தை. அவர் அந்த வரியைப் படித்து, உண்மையாகவே தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். நான் விசாரித்தபோது சொன்னார்: “பக்கத்துல நின்னா ஒரு வார்த்தை வராது சார். மெஷின்ல ஏறிட்டா ரேடியோ மாதிரி லா.”

ஒருமுறை பிராக்கெட்டார் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. முன்னறிவிப்பும் இல்லை. நான் விளக்கம் கேட்கும் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தேன். நான்காம் நாள் வந்தவரிடம் அதை நீட்டினேன். அவர் வியப்புடன் என்னைப் பார்த்து, “எழுதியிருந்தேனே சார்” என்றார். தேடிப் பார்த்தால், ஒரு வால்வு மூடியைக் கடையும் புரோகிராமில், பன்னிரண்டாம் வரியை அடுத்து, அக்காள் மகள் திருமணத்துக்காக விடுப்பு வேண்டுமென்றும் மேலாளர் அனுமதிக்க வேண்டுமென்றும் முறையான விண்ணப்பம் இருந்தது. அந்த மூடிகளை அதற்குள் நானூறு கடைந்து அனுப்பிவிட்டிருந்தோம். நானூறு முறை லேத் அந்த விண்ணப்பத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. அதை எந்த விதியின்கீழ் அனுமதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அனுமதித்தேன்.

இப்படி ஒருவர் ஏன் இருக்கிறார் என்று அறிய எனக்கு அடங்காத ஆவல். அவர் தேக்கா வட்டாரத்தில் ஓர் அறையில் குடியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரச் சந்தையில் அவரைக் கண்டேன். மீன்காரர் அவருடைய விரல்களைப் பார்த்தே வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையே ஒரு சொல் இல்லை. ரயில் நிலையம்வரை சேர்ந்து நடந்தோம். புரோகிராமில் இவ்வளவு எழுதுபவர் நேரில் ஏன் பேசுவதில்லை என்று கேட்டே விட்டேன். அவர் யோசித்தார். மின்படிக்கட்டு வந்துவிட்டது. அதில் கால் வைக்கும் முன் சொன்னார்: “நேர்ல குறுக்க பேசுவாங்க சார்.”

அதற்கு நான் ஒரு நீண்ட மறுமொழி தொடங்கினேன். அதற்குள் படிக்கட்டு அவரைக் கீழே கொண்டு போய்விட்டது.

இந்நிலையில்தான் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் பெரிய ஆர்டர் எங்களைத் தேடி வந்தது. கடலடி வால்வுகளுக்கான வளையங்கள். அவர்களுடைய தர ஆய்வாளர் திருமதி லிம், தொழிற்கூடத்துக்கு வந்து முதல் வளையத்தை நேரில் கடையச் சொல்லிப் பார்ப்பார், புரோகிராம்களையும் பார்ப்பார்; அவர் ஒப்பினால்தான் ஆர்டர் உறுதி. எங்கள் நிறுவனத்தின் சார்பில் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று நானே எழுத்தில் கொடுத்திருந்தேன். ஓய்வுக்கு இரண்டாண்டுகள் இருந்தன. அதுவரை என் பெயரில் ஒரு கறை விழுந்ததில்லை.

அவர் பார்க்கும் முன் நான் பார்த்துவிடலாம் என்று புரோகிராம்களைப் படிக்கத் தொடங்கினேன். ஏறத்தாழ இருநூறு. தர ஆய்வுக்காகவே படித்தேன் என்று சொல்ல விரும்புகிறேன். ஆனால் இருபதாவது புரோகிராமில், ‘மேனேஜர் வருவார். முறைப்படி, முறைப்படின்னு சொல்வார். ஆமா சொல்லு. சீக்கிரம் போயிடுவார்’ என்ற வரியைக் கண்ட பிறகு, மீதி நூற்றெண்பதையும் படித்தது தரத்துக்காக அன்று. வேறு மூன்று இடங்களில் மட்டுமே நான் இருந்தேன். இத்தனை ஆண்டுப் பணிக்கு இது குறைவு என்றும் தோன்றியது.

மறுநாளே சுற்றறிக்கை அனுப்பினேன். இனி எந்தப் புரோகிராமிலும் அடைப்புக்குறிக் குறிப்பு இருத்தலாகாது. மென்பொருளில் அதற்கென ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால், எழுதிய குறிப்புகள் மென்பொருளுக்குள்ளேயே தங்கிவிடும்; வெளிவரும் புரோகிராமில் ஒன்றுகூட இராது. பிராக்கெட்டார் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். “எல்லாமா சார்?” என்றார். எல்லாம் என்றேன். கட்டத்தில் குறியிட்டார்.

ஆய்வு நாளன்று காலை, அவர் லேத்தின் அருகே வந்து நின்றார். வாடிக்கையாளர் முன்னிலையில் அவரிடம் ஏதேனும் கேட்கப்பட்டு, அவர் தூணைப் போல் நிற்கும் காட்சி என் கண்முன் தோன்றியது. ஆய்வு முடியும்வரை புரோகிராம் அறையிலேயே இருக்கும்படி சொன்னேன்.

“சார், அந்த ரிங்கு...” என்று ஆரம்பித்தார்.

எல்லாம் முறைப்படி நடக்கும் என்று கையை உயர்த்தினேன். அவர் போய்விட்டார்.

திருமதி லிம் வந்தார். நரைத்த முடி, குறைந்த பேச்சு, கையில் தமது சொந்த அளவுகருவிப் பெட்டி. குமரேசன் எஃகுத் துண்டை லேத்தின் ‘சக்’கில் மாட்டினார். சக் என்பது மூன்று தாடைகளால் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் பகுதி. லேத் ஓடியது. கடைசிச் சீவலுக்கு முன் புரோகிராமில் இருந்த ஒரு கட்டளையின்படி தானாகவே நின்றது. குமரேசன் திரையைப் பார்த்தார். நிற்கச் சொன்ன கட்டளை இருந்தது. ஏன் நிற்க வேண்டும், நின்று என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வரி இல்லை. புதிய வேலை, அவருக்கும் தெரியாது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

எனக்கும் தெரியாது. ஆனால் திருமதி லிம்மும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பீரமாகத் தலையசைத்தேன். குமரேசன் பொத்தானை அழுத்தினார்.

வளையம் சக்கில் இருந்தபோது திருமதி லிம் அளந்தார். பழுதே இல்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு அதைக் கழற்றச் சொல்லி மேசைமேல் வைத்து மறுபடி அளந்தார். மெல்லிய வளையம் அது. இறுகப் பிடித்தபடியே கடைசிவரை சீவினால் பிடிக்குள் இருக்கும்வரை வட்டமாகத் தோன்றும். பிடியை விட்டவுடன், தாடைகள் அழுத்திய மூன்று இடங்களும் மீண்டு வடிவம் கோணிப்போகும். கோணியிருந்தது. இந்தப் புரோகிராமை எழுதியவர் யார் என்று அவர் கேட்டார்.

பிராக்கெட்டார் அழைத்து வரப்பட்டார். வளையத்தைக் கையில் வாங்கினார். அளக்கவில்லை; விரலால் ஒருமுறை தடவினார். அவருக்குப் புரிந்துவிட்டது. மேலாளர் எடுக்கச் சொன்னார் என்ற மூன்று சொற்கள் போதும். அவர் தப்பித்துவிடுவார், என் பதினாறு ஆண்டுகள் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு திருமதி லிம்மிடம், எங்கள் தொழிற்கூடத்தில் எவரும் கேட்டிராத நீளத்துக்கு, ஆங்கிலத்தில் பேசினார். புரோகிராமில் ஒரு வரி விட்டுப்போயிற்று, விட்டவர் தாமே, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்றார்.

நான் அமைதியாக இருந்திருக்கலாம். எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தேன் என்று குமரேசனுக்குத் தெரியும். அவர் இதுவரை சொன்னதில்லை. பிறகு நான் பேசினேன். வரியை எடுக்கச் சொன்னவன் நான், அவர் எச்சரிக்க வந்தபோது குறுக்கே பேசி அனுப்பியவன் நான், தெரியாமல் தலையசைத்தவனும் நான் என்றேன். சுற்றறிக்கையின் நகலையும் எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் நான் இட்ட கையெழுத்துகளில் அதில் இருந்ததுதான் மிகத் தெளிவானது.

திருமதி லிம் சுற்றறிக்கையைப் படிக்கவில்லை. அந்த வரியைப் பார்க்க வேண்டும் என்றார்.

பிராக்கெட்டார் மென்பொருளின் முன் உட்கார்ந்து, கட்டத்தில் இருந்த குறியை எடுத்தார். புரோகிராம் மறுபடி வெளிவந்தது, அடைப்புக்குறிகளோடு. அப்போதுதான் அறிந்தேன். என் சுற்றறிக்கைக்கு ஒரு வாரம் கழித்தே அந்த வளையத்தின் வரைபடம் எங்களுக்கு வந்திருந்தது. வெளியே வராது, லேத்தும் படிக்காது, ஆளும் படிக்க முடியாது என்று தெரிந்தும் மனிதர் எழுதியிருக்கிறார். நிறுத்தக் கட்டளைக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு வரி இருந்தது. திருமதி லிம் அதில் விரலை வைத்து, பொருள் என்ன என்று என்னைக் கேட்டார்.

அந்த வரி இது: ‘மேனேஜர் மூணு நாளா சரியா சாப்பிடல. கடுமையா இருப்பார், ஆனா நல்ல மனுஷன். அவர் பேர் கெடக்கூடாது. இங்க சக் பிரஷரைப் பாதியாக் குறை. அப்புறம் ஸ்டார்ட்.’

பிராக்கெட்டார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பிடியின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஓட்டவும் என்பது பொருள் என்றேன். அதற்கு இவ்வளவு நீளமா என்றார் திருமதி லிம். தமிழ் சற்று விரிவான மொழி, அம்மணி என்றேன்.

குமரேசன் அழுத்தத்தைக் குறைத்து இரண்டாம் வளையத்தைக் கடைந்தார். கழற்றி அளந்தபோதும் வட்டமாகவே இருந்தது. ஆர்டர் கிடைத்தது. அடைப்புக்குறிக் குறிப்புகள் கட்டாயம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் மேலாளர் கையெழுத்திட வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. ஓய்வுபெறும்வரை இரண்டாண்டுகள் பிராக்கெட்டாருடைய வரிகள் அனைத்திலும், சாம்பாரைப் பற்றியவை உட்பட, நான் கையெழுத்திட்டேன். ஒன்றையும் அடிக்கவில்லை.

மொழிபெயர்ப்பில் நான் விட்ட மூன்று வாக்கியங்களை இன்றுதான் முதன்முறையாக வெளியே சொல்கிறேன். பிராக்கெட்டார் இந்த இதழை வாரந்தவறாமல் வாங்குபவர். நேரில் போய் நன்றி சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கும்.