ஊர் நிறுத்துப் பார்த்த குளிசை

"பிள்ளை, உம்மட மருந்து பத்திரமாய் வந்திட்டுது. ஒண்டுக்கும் யோசியாதையும், நாங்கள் எல்லாரும் வாசிச்சுப் பாத்திட்டம்."

நெடுந்தீவு இறங்குதுறையில் மயில்வாகனம் இப்படிச் சொல்லிக்கொண்டு பார்சலை நீட்டியபோது, கோபிகாவுக்குக் கடல் ஒரு கணம் அசையாமல் நின்றது போலிருந்தது. பார்சலின் வாய் பிரிந்து கிடந்தது. உள்ளே இருந்த பெட்டிகளுக்கு மேலே ஒரு வெள்ளைத் தாள். எட்டாகவோ பதினாறாகவோ மடிக்கப்பட்டிருந்து, ஒருமுறை விரித்த பிறகு யாராலும் திரும்ப மடிக்க முடியாமல் போன தாள். சோளகக் காற்றில் அது பாய்போலப் புடைத்துக்கொண்டு நின்றது.

"எல்லாரும் எண்டால் ஆர் அண்ணை?"

"வள்ளத்தில வந்த ஆக்கள்தான். ஒரு மணித்தியாலம் சும்மா குந்திக்கொண்டு வர ஏலுமே? தம்பிஐயா அண்ணை இங்கிலீசை வாசிச்சுத் தமிழில சொல்லச் சொல்ல, நாங்கள் கேட்டுக்கொண்டு வந்தம். கடல் ஆட்டத்துக்கு ஒருத்தர் சத்தி எடுக்கேல்லை எண்டால் பாருமன்! எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தவை."

நெடுந்தீவிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணம் போகிறார் என்றால் தனியாகப் போவதில்லை. ஊரின் தேவைகளும் அவரோடு ஏறிக் குந்திக்கொள்ளும். ஒரு வீட்டுக்குத் தையல் மெசின் ஊசி, இன்னொரு வீட்டுக்கு றேடியோவுக்குப் பற்றறி, வேறொருவருக்கு உடைந்த மூக்குக் கண்ணாடிக்குப் புதுக் கால். மயில்வாகனம் அடிக்கடி போய் வருகிறவர். அவரிடம் மருந்துச் சிட்டையைக் கொடுத்துவிட்ட அன்றே தன் இரகசியத்தையும் கொடுத்துவிட்டாள் என்பது கோபிகாவுக்கு இப்போதுதான் விளங்கியது.

பரு என்றால் எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் கோபிகாவின் முகத்தில் வந்தது வேறு சாதி. தோலுக்குக் கீழே ஆழத்தில் உருண்டு திரண்டு, நொந்து, உடைந்து, போகும்போது குழி ஒன்றை விட்டுப் போகிற சாதி. போன பள்ளித் தவணையில் சரவணை ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்தாள். முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கொப்பியைக் காட்ட வந்து, கொப்பியை மறந்து, அவளுடைய கன்னத்தை ஒற்றை விரலால் தொட்டு, "ரீச்சர், நோகுதோ?" என்று கேட்டது. வகுப்பு முழுவதும் பதிலுக்காகக் காத்திருந்தது. வருகிற தை மாதம் அதே வகுப்பை அவளிடம் முழுதாகக் கொடுக்கப் போகிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு தரம் போய் நிற்கத் தன்னால் ஏலாது என்று நினைத்துத்தான் யாழ்ப்பாணத்துத் தோல் டொக்டரிடம் போனாள்.

"களிம்பும் பூசியாச்சு, வேற குளிசையும் போட்டாச்சு. இனி இதுதான் மிச்சம்," என்றார் டொக்டர். "அநேகமான ஆக்களுக்கு நல்லாய்க் கேக்கும். ஆனால் இது விளையாட்டுச் சாமான் இல்லைப் பிள்ளை. உதடு வெடிக்கும், கண் காயும், வெய்யில் சுடும், மூட்டு நோகலாம். ஈரலையும் இரத்தத்தில இருக்கிற கொழுப்பையும் சோதிக்க வேணும். மனம் சோர்ந்து போனால் உடனே எனக்குச் சொல்ல வேணும். மருந்து எடுக்கிற காலத்திலயும், நிப்பாட்டி ஒரு மாதத்துக்கும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. இரத்தச் சோதனை முடிவு வராமல் ஒண்டும் வாயில வைக்கப்படாது."

கடல் தாண்டி வருகிற பிள்ளை என்று இரண்டு மாதத்துக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அன்று மருந்துக்கடையில் அது இருக்கவில்லை. சாப்பிடாமல் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதை மாத்திரம் கோபிகா அறிந்திருக்கவில்லை. வெறும் வயிற்றோடு மகளைக் கடலில் விடுவதா என்று அம்மா சீதேவி கட்டிக் கொடுத்த புட்டு, வள்ளத்திலேயே முடிந்து போயிருந்தது. ஆகவே பிறகொரு நாள் ஊர் ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்து, அது யாழ்ப்பாணம் போய், முடிவு திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பார்சலைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு கோபிகா வீட்டுக்குப் போனபோது, செய்தி அவளை முந்திப் போயிருந்தது. சீதேவி படலையிலேயே நின்றாள்.

"உந்தப் பெட்டியில என்ன படமடி கிடக்கு?"

பெட்டியின் மூலையில், வயிறு பெருத்த ஒரு பெண்ணின் உருவமும் அதற்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடும் இருந்தன.

"மருந்து எடுக்கேக்க பிள்ளை உண்டானால், வயித்தில இருக்கிற பிள்ளைக்குக் கூடாதாம் அம்மா. அதுக்குத்தான் படம்."

"கலியாணம் கட்டாதவளுக்கு ஏன் அந்தப் படம்?"

"கட்டினவைக்கு ஒரு பெட்டி, கட்டாதவைக்கு ஒரு பெட்டி எண்டு அடிப்பாங்களே?"

"உனக்கென்ன, சொல்லிப்போட்டுப் போவாய். வள்ளத்தில வந்த சனம் அந்தப் படத்துக்கு என்ன கதை கட்டுதோ!"

சீதேவி ஒரு முடிவுக்கு வந்தாள். படத்தின் கதையை அமத்த வேண்டுமென்றால் அதைவிடப் பெரிய கதை ஒன்றை விட வேண்டும். நேரே பக்கத்து வீட்டு அன்னலட்சுமியிடம் போனாள். "படம் கிடக்கட்டும் அக்கா, அது ஒரு சின்ன விசயம். அந்த மருந்து ஈரலைப் போய்த் தொடுமாம். எலும்பைத் தொடுமாம். மனத்தைக்கூடத் தொடுமாம்!"

பின்னேரத்துக்குள் படத்தைப் பற்றிக் கதைக்க ஊரில் ஒருவரும் இல்லை. எல்லாரும் கோபிகாவைக் காப்பாற்றப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தவள் அன்னலட்சுமிதான். கதிரையில் இருந்து மூச்சு வாங்கினாள்.

"மனத்தைத் தொடுற குளிசையோ? எங்கட மனுசனோட நாப்பது வருசம் இருந்திட்டன், அந்தாளின்ர மனத்தை என்னால ஒருக்காக்கூடத் தொட ஏலாமல் போச்சு. எங்க, அதை ஒருக்காக் காட்டு பிள்ளை."

அலுமாரியில் மருந்தைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்து வந்து கோபிகா திறந்தாள். ஒரு குளிசையை அதன் அட்டையோடு சேர்த்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பனம்பழக் களியின் நிறம். உள்ளே ஒரு துளி எண்ணெய் மெல்ல அசைந்தது. சுட்டு விரல் நுனிக்குள் அடங்குகிற இந்தச் சாமானுக்குள், ஓர் ஆளின் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை போய் வருகிற வல்லமை இருக்கிறதே என்று கோபிகா மலைத்துப் போனாள்.

"எறி பிள்ளை இதை," என்று கடைசியில் அன்னலட்சுமி சொன்னாள். "எறிய முந்தி எனக்கொரு தேத்தண்ணி போடு. பயத்தில வாய் வறண்டு போச்சு."

கோபிகா குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தபோது டின் மூடியிருந்தது. அன்னலட்சுமி இரண்டு மிடறில் குடித்துவிட்டு அவசரமாகப் போனாள்.

இப்படி வருகிறவர்களை நிறுத்த அப்பா ஆழ்வாப்பிள்ளை ஒரு வழி கண்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன இடத்தில், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொன்னார். "பயந்தாங்கொள்ளியள்! பயங்கரமான மருந்தெண்டால் பலனும் அப்பிடித்தான் இருக்கும். எடுத்தவையின்ர முகம் பிறந்த பிள்ளையின்ர முகம் மாதிரி வருமாம். சுருக்கம் இல்லை, சொறி இல்லை, ஒண்டும் இல்லை!"

சுருக்கத்தைப் பற்றி டொக்டர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஆழ்வாப்பிள்ளைக்கு ஒரு வசனத்தை அரைகுறையாக விடுகிற பழக்கம் இல்லை.

அடுத்த நாள் வந்தவர்கள் முன்னையவர்களைவிட இரண்டு மடங்கு. எல்லாருமே வயது போனவர்கள். எல்லாரும் எச்சரித்தார்கள், எல்லாரும் டின்னைத் திறந்து பார்த்தார்கள், எல்லாருக்கும் தாகம் எடுத்தது. கோபிகா குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்தாள். அந்த நாட்களில் அந்த வீட்டில் முடிந்த தேயிலைக்கு ஒரு சின்னக் கலியாணமே செய்திருக்கலாம்.

தம்பிஐயா வந்தபோது, கடிதங்கள் எழுதும் காலத்தில் தந்தி வந்தது போல வீடு அமைதியானது. பதுளையில் கடை வைத்திருந்தவர், அந்தத் தாளை முழுக்க வாசித்தவர்.

"பிள்ளை, கடையில எத்தினையோ மருந்து வித்தனான். இப்பிடியொரு பேப்பரைக் காணேல்லை. நான் உம்மட தகப்பனாய் இருந்தால் இதைத் தூக்கிக் கடலில எறிவன்."

"பருவாலயும் எனக்கு நோகுதுதானே மாமா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த சால்வையைச் சரி செய்தார்.

"எண்டாலும்... எறியும். தண்ணி கொஞ்சம் தாரும். பானைத் தண்ணி வேண்டாம், கிணத்தில இருந்து புதுசாய் அள்ளி."

இரவில் எல்லாரும் போன பிறகு கோபிகா தாளை மடியில் விரித்து வைத்து நிறுத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் உதடு, கண், மூட்டு, ஈரல், மனம். அந்தப் பக்கம் காலையில் தலையணை உறையில் இருக்கிற இரத்தப் புள்ளிகள், படம் எடுக்கிற இடங்களில் பின்னால் போய் நிற்கிற பழக்கம், கன்னத்தில் பட்ட அந்தச் சின்ன விரல். தாளில் இருந்த ஆபத்துகள் எல்லாம் நடந்துவிடுவதில்லை, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டு போனால் முந்திப் பிடித்துவிடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பயமாக இருந்தது. அவள் வாசித்த கதைகளில் ஆட்கள் பனிக்கடலைத் தாண்டினார்கள், பாலைவனத்தில் நடந்தார்கள். அவளுடைய பயணம் ஒரு விழுங்கு தூரந்தான். அதற்கு முன்னால் இவ்வளவு பெரிய இருள் இருக்கிறதே என்று அதிசயித்தாள். நெடுநேரம் யோசித்து, எடுப்பது என்று முடிவு செய்தாள். ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. சோதனை முடிவு வரும்வரை திறப்பதில்லை என்று டின்னை அலுமாரியின் மேல்தட்டில், கோயில் விபூதிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சோளகம் கடும் மூச்சாக அடித்தது. கடல் எழுந்து, வள்ளம் விட்டு விட்டுத்தான் ஓடியது. முடிவு வரப் பிந்தியது. ஊரும் மெல்ல அடங்கியது. எச்சரிக்க இப்போது ஒருவரும் வரவில்லை. தெருவில் கண்டாலும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். தன்னைக் கைவிட்டுவிட்டார்களோ என்று கோபிகாவுக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

வீட்டிலும் ஏதோ மாறியிருந்தது. மீன்குழம்புக்கு உறைப்புப் போதாது என்று ஒவ்வொரு நாளும் சண்டை பிடிக்கிற ஆழ்வாப்பிள்ளை, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வெறும் சோறும் தயிரும் காணும்."

"எனக்கும் அதுதான்," என்றாள் சீதேவி, சண்டையே பிடிக்காமல்.

மகளை நினைத்து இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று கோபிகா விளங்கிக்கொண்டாள். கண் கலங்கியது.

முடிவு வந்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. போகிற வழியில், டொக்டர் சொன்னபடி உதட்டுக்குப் பூச வஸ்லின் வாங்கக் கடையில் இறங்கினாள்.

"முடிஞ்சுது பிள்ளை," என்றார் கடைக்காரர். "நேற்று இறக்கினது நேற்றே முடிஞ்சுது. சோளகம் இந்த முறை வலு மோசம் போல."

ஆஸ்பத்திரி விறாந்தையில் கால் வைத்த கோபிகா அப்படியே நின்றுவிட்டாள். நோயாளர் குந்தும் மர வாங்கில் தம்பிஐயா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். பக்கத்தில் அன்னலட்சுமி, சேலைத் தலைப்பு வாயில். மயில்வாகனம் சுவரில் இருந்த டெங்கு நுளம்புப் படத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அங்காலும் தெரிந்த முகங்கள், எல்லாம் குனிந்த முகங்கள். கடைசி ஆளாக, தூணுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு ஆழ்வாப்பிள்ளை.

கோபிகாவின் நெஞ்சு விம்மியது. கைவிடவில்லை! முடிவு வந்த நாளை எப்படியோ அறிந்து, கடைசி நேரத்தில் தன்னைத் தடுக்க ஊரே வந்து காத்திருக்கிறது. அழாதபடி வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. ஒரு பருவுக்காக ஓர் ஊர் இப்படித் துக்கப்படுமா? அவளுக்கு மெய் சிலிர்த்தது.

"என்னை மன்னிக்க வேணும்," என்றாள் கைகூப்பி. "நான் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்திட்டன். எனக்குப் பயந்தான். எண்டாலும் அந்த மருந்தை எடுக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன். வேண்டாமெண்டு ஆராவது சொல்ல இருந்தால் இப்பவே சொல்லுங்கோ."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. தம்பிஐயா ஏதோ சொல்ல வாயெடுத்து, முகம் சுளித்து, திரும்பவும் சால்வையால் பொத்திக்கொண்டார். இவ்வளவு பெரிய மௌனத்தைக் கோபிகா தன் வாழ்வில் கேட்டதில்லை. ஊரின் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரித் தாதி மேரிஜோசப்பின் மிஸ் முடிவை மேலிருந்து கீழாக வாசித்தாள். "ஈரல் நல்லம். கொழுப்பும் நல்லம். டொக்டரோட கதைச்சிட்டன், துவங்கலாமாம்."

"அப்ப இண்டைக்கே சாப்பாட்டோட முதல் குளிசையைப் போடட்டோ மிஸ்?"

மேரிஜோசப்பின் மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். கதவுக்கு வெளியே இருந்த நீண்ட வாங்கைப் பார்த்தாள். பிறகு கோபிகாவின் உதட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"முதல்ல வீட்ட போய் டின்னுக்குள்ள ஏதும் மிச்சம் கிடக்கோ எண்டு பாரும் பிள்ளை. ஊரில அந்த மருந்தை இன்னும் எடுக்காத ஆள் நீர் ஒராள்தான்."